யாரை வாங்குவது? யாரை விடுவது?

"ஜடேஜாவைக் கொடுத்துவிட்டார்களாம்!"

2025-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி. சனிக்கிழமை காலை. கள்ளிக்குப்பத்தில் ஒரு டீக்கடை.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கையில் கிளாசுடன் நின்றார்கள். டீ ஆறிக் கொண்டிருந்தது. யாரும் குடிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் ஒருவர் கையில் இருந்த செல்போன் மீதே இருந்தது.

சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் அணி, ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டது. கூடவே இங்கிலாந்து ஆட்டக்காரர் சாம் கர்ரனையும் கொடுத்தது. அதற்குப் பதிலாக ராஜஸ்தான் அணியின் கேப்டன் சஞ்சு சாம்சனை வாங்கிக் கொண்டது. இதுதான் செய்தி.

ஓர் இளைஞருக்குக் கோபம் தாங்கவில்லை. அவர் போட்டிருந்தது மஞ்சள் சட்டை. முதுகில் 8 என்ற எண். அது ஜடேஜாவின் எண்.

"பன்னிரண்டு சீசன் ஆடின ஆளை இப்படியா அனுப்புவது?" என்று கேட்டார்.

"சாம்சன் வருகிறாரே! நல்லதுதானே?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"வரட்டும். அவரையும் வாங்கட்டும், இவரையும் வைத்துக் கொள்ளட்டும். இவர்களிடம் பணமா இல்லை?"

பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சிரித்தார்.

"பணம் இருக்கிறது, தம்பி. செலவு செய்யத்தான் அனுமதி இல்லை. அதுதான் சங்கதி."

பணம் இருந்தும் செலவு செய்யக் கூடாதா? இது என்ன விந்தை?

உச்சவரம்பு

நில உச்சவரம்புச் சட்டத்தை நம்மில் பலர் அறிவோம். 1961-ல் சென்னை ராஜ்யத்தில் அந்தச் சட்டம் வந்தது. ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் நிலம் வைத்துக் கொள்ளக் கூடாது என்றது. பிறகு அதை 15 ஆகக் குறைத்தார்கள். கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், எல்லைக்கு மேல் வாங்க முடியாது.

அதே போல விளையாட்டிலும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு அணி தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று ஒரு தொகை வைத்துவிடுவார்கள். ஐ.பி.எல். கிரிக்கெட்டில் 2026-ம் ஆண்டுப் போட்டிக்கு அந்தத் தொகை 125 கோடி ரூபாய். பத்து அணிகளுக்கும் ஒரே தொகைதான். முதலாளி நாட்டிலேயே பெரிய பணக்காரராக இருக்கலாம். அவருக்கும் 125 கோடிதான்.

இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு. அணியில் குறைந்தது 18 பேர் வேண்டும். 25 பேருக்கு மேல் கூடாது. அவர்களில் வெளிநாட்டார் 8 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

இப்போது கணக்குப் போடுங்கள். 125 கோடியை 25 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 5 கோடி. ஒருவருக்கு மட்டும் 18 கோடி கொடுத்தால்? மீதி 107 கோடி. அதை 24 பேருக்குப் பிரிக்க வேண்டும். தலைக்கு நாலரைக் கோடிக்கும் குறைவு. இப்படி ஒருவர் தட்டில் கூட விழுந்தால் இன்னொருவர் தட்டில் குறையும்.

இதில் புதுமை என்ன இருக்கிறது? மாதம் முதல் தேதி சம்பளம் வருகிறது. வீட்டு வாடகை, பால், அரிசி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஏலச்சீட்டு என்று பிரிக்கிறோம். புது டெலிவிஷன் வாங்கினால் வேறு எதையோ குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது என்பதுதான் வீட்டில் பெரிய பேச்சு. அணியிலும் அதே பேச்சுதான்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

உச்சவரம்பு இல்லை என்று வைத்துக் கொள்வோம். என்ன ஆகும்?

பணக்கார முதலாளி நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரையும் வாங்கிவிடுவார். மற்ற அணிகளுக்கு மிச்சம்தான் கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் அதே அணி ஜெயிக்கும். முடிவு முன்னாலேயே தெரிந்த ஆட்டத்தை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, சேப்பாக்கம் போய் வெயிலில் வரிசையில் நிற்பது எதற்காக? இன்று யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாது என்பதற்காகத்தான்!

அந்த ஆவலைக் காப்பாற்றுவதுதான் உச்சவரம்பின் வேலை.

கூடைப் பந்து காட்டிய வழி

இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது அமெரிக்கக் கூடைப் பந்து.

கூடைப் பந்து ஆட்டம் 1891-ல் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் பிறந்தது. கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் அவர் ஆசிரியர். பீச் பழம் வைக்கும் கூடைகளை உயரத்தில் மாட்டி, அதில் பந்தைப் போடச் சொன்னார். அதே ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். நந்தனத்தில் இருப்பது அந்தக் கல்லூரிதான்.

அமெரிக்காவின் பெரிய கூடைப் பந்துப் போட்டிக்கு என்.பி.ஏ. என்று பெயர். அங்கே 1984-85-ம் ஆண்டில் சம்பள உச்சவரம்பு வந்தது. அப்போது ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர். 2025-26-ம் ஆண்டில் அது 15 கோடியே 46 லட்சம் டாலர்!

அங்கே விதி கொஞ்சம் தளர்வானது. சில காரணங்களுக்காக எல்லையைத் தாண்டலாம். ஆனால் மிக அதிகமாகத் தாண்டினால் அபராத வரி கட்ட வேண்டும். எல்லையைத் தாண்டிய அணி இன்னோர் அணியிடம் ஆளை வாங்கினால், ஏறக்குறைய அதே சம்பளம் வாங்கும் ஆளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தராசில் இரண்டு தட்டும் ஒத்துப் போக வேண்டும்.

ஆகவே அங்கே ரசிகர்கள் எல்லோரும் கணக்கப்பிள்ளைகள். இவரைக் கொடுத்தால் அவர் வருவாரா, சம்பளம் சரியாக வருமா என்று ஆண்டு முழுவதும் பேசிக் கொண்டே இருப்பார்கள். பத்திரிகைகளில் தினமும் ஊகம்.

ஆனால் ஊகம் பலிக்குமா? 2025 பிப்ரவரியில் ஒரு சம்பவம் நடந்தது. டல்லாஸ் நகர அணியின் நட்சத்திரம் லூகா டான்சிச். வயது 25. முந்திய ஆண்டுதான் தன் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டு போனவர். ஒரு நாள் நள்ளிரவில் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஜனங்கள் நம்பவில்லை. செய்தி வெளியிட்ட நிருபரின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுகூட நினைத்தார்கள். ஆனால் செய்தி உண்மை!

டல்லாஸ் ரசிகர்கள் தெருவில் இறங்கி முழக்கமிட்டார்கள். அந்தப் பரிமாற்றத்தைச் செய்த நிர்வாகி அதே ஆண்டு நவம்பரில் வேலையை இழந்தார்.

அங்கே பெரும்பாலான ஆட்டக்காரர்களிடம் சம்மதம் கேட்பதில்லை. போ என்றால் போக வேண்டும். நம் ஐ.பி.எல்.லில் அப்படி இல்லை. ஆட்டக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பரிமாற்றம் செல்லும்.

டோனி சென்னைக்கு வந்த கணக்கு

டோனி எப்படிச் சென்னைக்கு வந்தார் தெரியுமா? கணக்கினால் வந்தார்!

2008 பிப்ரவரி 20-ந் தேதி. மும்பையில் ஐ.பி.எல். முதல் ஏலம். அப்போது ஓர் அணிக்கு உச்சவரம்பு 50 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 20 கோடி ரூபாய்.

ஐந்து அணிகளுக்கு ஏற்கெனவே சொந்த ஊர் நட்சத்திரம் ஒருவரைக் கொடுத்திருந்தார்கள். மும்பைக்கு டெண்டுல்கர், கல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், டெல்லிக்கு சேவாக், பஞ்சாபுக்கு யுவராஜ் சிங். அவர்களுக்கு ஒரு சலுகை. தங்கள் அணியில் ஏலத்தில் அதிக விலைக்குப் போனவரைவிட, 100-க்கு 15 பங்கு கூடுதல் சம்பளம் பெறுவார்கள்.

சென்னைக்கு அப்படி யாரும் இல்லை. அது குறை என்றுதான் தோன்றும். ஆனால் அதுவே பலமாயிற்று!

டோனியின் பெயர் வந்தது. விலை ஏறிக் கொண்டே போனது. மும்பையும் விடவில்லை, சென்னையும் விடவில்லை. 15 லட்சம் டாலரைத் தொட்டது.

மும்பை அந்த விலைக்கு டோனியை எடுத்தால் என்ன ஆகும்? டெண்டுல்கருக்கு 17 லட்சத்து 25 ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டும். இருவருக்குமே 32 லட்சத்து 25 ஆயிரம் போய்விடும். மீதி 17 லட்சத்து 75 ஆயிரம். அதில் மற்ற அத்தனை ஆட்டக்காரர்களையும் வாங்க வேண்டும்!

மும்பை நின்றுவிட்டது. சென்னைக்கு அந்தத் தொல்லை இல்லை. சுமார் 6 கோடி ரூபாய்க்கு டோனி சென்னைக்காரர் ஆனார். மும்பையில் அதிக விலைக்குப் போனவர் இலங்கையின் ஜெயசூர்யா. அவருக்கு 9 லட்சத்து 75 ஆயிரம் டாலர். அதனால் டெண்டுல்கருக்கு 11 லட்சத்து 21 ஆயிரம்தான் கொடுக்க நேர்ந்தது.

அன்பு எல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது கூட்டல் கணக்கு.

ஜடேஜா பட்ட பாடு

ஜடேஜாவின் கதையும் கணக்குக் கதைதான்.

2008-ல் அவர் ராஜஸ்தான் அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டு அந்த அணி கோப்பை வென்றது. பிறகு ஒப்பந்தம் இருக்கும்போதே வேறோர் அணியுடன் நேரடியாகச் சம்பளம் பேசினார் என்று குற்றம் சாட்டப்பட்டார். 2010-ல் ஓர் ஆண்டு ஐ.பி.எல். ஆடத் தடை விதித்தார்கள். யாரை வாங்குவது, விடுவது என்பதை அணிகள்தான் பேச வேண்டும். ஆட்டக்காரர் தானாகப் பேரம் பேசக் கூடாது.

2011-ல் கொச்சி அணிக்கு ஆடினார். ஓர் ஆண்டில் அந்த அணியே இல்லாமல் போயிற்று.

2012-ல் மீண்டும் ஏலத்துக்கு வந்தார். அந்த ஏலத்தில் ஓர் அணி 20 லட்சம் டாலருக்கு மேல் செலவிடக் கூடாது. சென்னையும் ஐதராபாத்தின் டெக்கான் அணியும் மோதின. இரண்டும் கையிலிருந்த 20 லட்சத்தையும் ஜடேஜா ஒருவருக்கே கேட்டன! இனி ஏற்ற வழியில்லை. இரண்டு அணிகளும் சீட்டில் ஒரு தொகையை ரகசியமாக எழுதிக் கொடுத்தன. அதிகம் எழுதிய சென்னைக்கு ஜடேஜா கிடைத்தார். கூடுதலாக எழுதிய தொகை கிரிக்கெட் வாரியத்துக்குப் போனது.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது வீண் போகவில்லை. 2023-ல் ஆமதாபாத்தில் இறுதிப் போட்டி. கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும். முதல் பந்தில் சிக்சர். அடுத்த பந்தில் பவுண்டரி. கோப்பை சென்னைக்கு! அடித்தவர் ஜடேஜா. டோனி ஓடி வந்து அவரை அப்படியே தூக்கிக் கொண்டார். அந்தக் காட்சியைக் கள்ளிக்குப்பத்தில் நள்ளிரவில் விழித்திருந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.

அப்படிப்பட்டவரை ஏன் விட்டார்கள்?

2025-ல் சென்னை அணி பத்தாவது இடத்துக்குப் போனது. கடைசி இடம்! அதுவரை அந்த அணி அப்படி விழுந்ததே இல்லை. டோனிக்கு அப்போது வயது 44. அவருக்குப் பின் விக்கெட் காக்க ஆள் வேண்டும். முன்னால் இறங்கி வேகமாக அடிக்கவும் ஆள் வேண்டும். சாம்சன் இரண்டும் செய்வார். வயது 31. ஜடேஜாவுக்கு 37 ஆகவிருந்தது.

கணக்கைப் பாருங்கள். சாம்சனின் சம்பளம் 18 கோடி ரூபாய். ஜடேஜாவின் சம்பளமும் 18 கோடி. ராஜஸ்தானுக்குப் போகும்போது ஜடேஜாவின் சம்பளம் 14 கோடி ஆனது. நான்கு கோடி குறைவு. சாம் கர்ரனுக்கு 2 கோடியே 40 லட்சம். ராஜஸ்தான் 18 கோடி ஆளைக் கொடுத்து, 16 கோடியே 40 லட்சத்துக்கு இரண்டு ஆட்களைப் பெற்றது. சென்னைக்கு வெளியே போனது 20 கோடியே 40 லட்சம். உள்ளே வந்தது 18 கோடி. 2 கோடியே 40 லட்சம் மிச்சம்.

அத்துடன் நிற்கவில்லை. இலங்கைப் பந்து வீச்சாளர் பதிரானாவையும் சென்னை விடுவித்தது. அவர் சம்பளம் 13 கோடி. இன்னும் பலரையும் விடுவித்து, டிசம்பர் 16-ந் தேதி அபுதாபி ஏலத்துக்குப் போனபோது சென்னையின் பையில் 43 கோடியே 40 லட்சம் இருந்தது.

அதை என்ன செய்தார்கள்? இந்திய அணிக்கு ஆடியே இராத இரண்டு பையன்களை வாங்கினார்கள்! உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பிரசாந்த் வீர், வயது 20. ராஜஸ்தானைச் சேர்ந்த கார்த்திக் சர்மா, வயது 19. இருவருக்கும் ஆரம்ப விலை 30 லட்சம். இருவரும் தலா 14 கோடியே 20 லட்சத்துக்குப் போனார்கள். இதில் பிரசாந்த் வீர் ஜடேஜாவைப் போலவே இடது கையால் சுழற்பந்து வீசுகிறவர், மட்டையும் பிடிப்பவர்.

பழைய மரத்தைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் கன்று நட்டிருக்கிறார்கள்.

ஒருவர் வர, ஒருவர் போக

இப்படிக் கை மாறுவது புதிதல்ல. 2009-லேயே மும்பையும் பெங்களூரும் ஜாகீர் கானையும் உத்தப்பாவையும் மாற்றிக் கொண்டன. அந்தக் காலத்துப் பண்டமாற்று போல.

2023 நவம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கை. குஜராத் அணியின் கேப்டன் ஹர்திக் பாண்ட்யாவை மும்பை விரும்பியது. அவர் சம்பளம் 15 கோடி. மும்பையின் உச்சவரம்பில் இடம் இல்லை. என்ன செய்தது? ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் கேமரூன் கிரீனைப் பெங்களூருக்கு அனுப்பியது. அவர் சம்பளம் 17 கோடியே 50 லட்சம். அவர் போன இடத்தில் பாண்ட்யா வந்து உட்கார்ந்தார்.

ரசிகர்கள் பாண்ட்யா வருவாரா என்று பேசிக் கொண்டிருந்தார்கள். யார் போவார் என்று கேட்டவர்களுக்குத்தான் விடை கிடைத்தது.

பாதிப் பணம் ஒரே ஆளுக்கு!

நமது கபடியிலும் இந்தக் கணக்கு உண்டு. அதில் ஒரு நல்ல பாடமும் உண்டு.

2022-ம் ஆண்டு புரோ கபடி ஏலம். ஓர் அணிக்கு உச்சவரம்பு 4 கோடியே 40 லட்சம் ரூபாய். 'தமிழ் தலைவாஸ்' அணி பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கியது. கபடியில் அதற்கு முன் யாரும் அவ்வளவு விலை போனதில்லை. பையில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போய்விட்டது!

அக்டோபரில் முதல் ஆட்டம். அந்த ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. களத்தை விட்டுத் தூக்கிப் போனார்கள். அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை.

அணி அவ்வளவுதான் என்றார்கள். ஆனால் நடந்தது வேறு. குறைந்த சம்பளத்தில் சேர்ந்திருந்த இளைஞர்கள் தோள் கொடுத்தார்கள். நரேந்தர் என்ற இளம் வீரர் பாடிப் போய்ப் புள்ளிகளைக் குவித்தார். சாகர், சாகில், ஹிமான்சு ஆகியோர் பிடியில் உறுதியாக நின்றார்கள். தமிழ் தலைவாஸ் முதல் முறையாக அரை இறுதிக்குப் போனது!

மறு ஆண்டு பவன் மறுபடியும் ஏலத்துக்கு வந்தார். உச்சவரம்பு 5 கோடியாக உயர்ந்திருந்தது. 'தெலுகு டைட்டன்ஸ்' அணி அவரை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்கியது. மறுபடியும் பாதிக்கு மேல்! பவன் நன்றாகவே ஆடினார். ஆனால் அணி 22 ஆட்டத்தில் இரண்டில்தான் வென்றது. கடைசி இடம்.

பவன் கெட்டிக்காரர்தான். குறை அவரிடம் இல்லை. பாதிப் பணத்தை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பேருக்கு யாரை வைப்பது என்று யோசிப்பதில்தான் அணியின் சாமர்த்தியம் இருக்கிறது. கல்யாணத்தில் பந்தலுக்கே பாதிப் பணத்தைக் கொட்டினால், சாப்பாட்டுப் பந்தியில் என்ன ஆகும்? அதுதான் இது.

விலை ஏறும், இறங்கும்

இந்தக் கோடிகளுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். குடும்பங்கள் இருக்கின்றன.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக் கொள்ளுங்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 2017-ல் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு வாங்கியது. ஆரம்ப விலை 10 லட்சம்தான். மறு ஆண்டே விலை 40 லட்சமாக இறங்கியது. அவர் மனம் தளரவில்லை. காலடிக்குப் பந்து வீசும் கலையில் தேர்ந்தார். 2020-ல் இந்திய அணியில் இடம் பிடித்தார். 2024-ல் டெல்லி அணி அவரை 10 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. ஆனால் 2025-ல் இரண்டே ஆட்டங்களில்தான் களம் இறக்கியது.

சுரேஷ் ரெய்னாவை மறக்க முடியுமா? சென்னைக்காக ஆண்டுக்கணக்கில் ரன் குவித்தவர். 2022 ஏலத்தில் ஆரம்ப விலை 2 கோடி. கேட்பார் இல்லை. சென்னையும் கேட்கவில்லை.

பெண்களுக்கும் இப்போது தனி ஏலம் உண்டு. 2024 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஏலத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த கமலினி என்ற 16 வயதுப் பெண்ணை மும்பை அணி 1 கோடியே 60 லட்சத்துக்கு வாங்கியது. ஆரம்ப விலை 10 லட்சம். ஓர் அணிக்கு உச்சவரம்பு அப்போது 15 கோடிதான். ஆண்கள் அணிக்கு 120 கோடி. வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் பெண் பிள்ளைக்குக் கிரிக்கெட் எதற்கு என்று கேட்டவர்கள் வாய் அடைத்துப் போயிருப்பார்கள்.

விலை என்பது ஆளின் தகுதிக்குப் போட்ட மதிப்பெண் அல்ல. அன்றைக்கு யாருக்கு என்ன தேவை, யார் பையில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தது. அதே மீனுக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை!

மூத்தவர் செய்த காரியம்

2024-ல் சென்னை அணி ஐந்து பேரை ஏலத்துக்கு விடாமல் வைத்துக் கொண்டது. கேப்டன் ருதுராஜுக்கு 18 கோடி, ஜடேஜாவுக்கு 18 கோடி, பதிரானாவுக்கு 13 கோடி, துபேக்கு 12 கோடி. ஐந்தாவது ஆள் டோனி. அவருக்கு 4 கோடி!

ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்தவருக்கு நான்கே கோடியா? ஆம். இந்தியாவுக்காக ஆடி ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டால், உள்ளூர் ஆட்டக்காரர் வரிசையில் குறைந்த சம்பளத்தில் வைத்துக் கொள்ளலாம் என்று விதி இருந்தது. டோனி அதற்குச் சம்மதித்தார்.

ஐந்து பேருக்கும் சேர்த்து 65 கோடி. அப்போதைய உச்சவரம்பு 120 கோடி. மீதி 55 கோடியில் 20 பேர். டோனியும் 18 கோடி கேட்டிருந்தால் மீதி 41 கோடிதான்.

கூட்டுக் குடும்பத்தில் இதைப் பார்த்திருக்கிறோம். வீட்டுப் பெரியவர் தன் வேட்டி கிழிந்ததைப் பார்க்க மாட்டார். தம்பி மகனின் காலேஜ் கட்டணத்தைப் பார்ப்பார்.

பேச்சு பேச்சோடு இருக்கட்டும்

யார் வருவார், யார் போவார் என்று பேசுவது சந்தோஷமான பொழுதுபோக்கு. டீக்கடையில் பேசலாம். ரயிலில் பேசலாம். சாப்பிடும்போது பிள்ளைகளுடன் பேசலாம். பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் தானாக வரும்!

ஆனால் பேச்சில் பணத்தை வைக்கக் கூடாது. செல்போனில் பணம் கட்டி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டங்களில் சம்பளத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதித்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய பெரிய நிர்வாகிகளே ஏமாந்து போகும் கணக்கு இது. பவனுக்கு முதல் ஆட்டத்தில் அடிபடும் என்று யாருக்குத் தெரியும்? நாம் கட்டிய பணம் எம்மாத்திரம்!

பெரியவர் சொன்ன கேள்வி

மீண்டும் கள்ளிக்குப்பத்துக்கு வருவோம்.

பெரியவர் கணக்கை எல்லாம் விளக்கி முடித்தார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"தம்பி, இனிமேல் யாராவது 'அவரை வாங்கலாம், இவரை வாங்கலாம்' என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேள். 'அப்படியானால் யாரை விடுவது?' என்று கேள். அதற்குப் பதில் சொன்னால்தான் அவன் பேச்சில் பொருள் உண்டு."

இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கணக்கு சரிதான் தாத்தா. ஆனால் மனசு கேட்கவில்லையே!" என்றார்.

"கேட்காது. கேட்கவும் கூடாது. பன்னிரண்டு சீசன் உழைத்தவரை நினைத்து வருத்தப்படாவிட்டால் அது என்ன மனசு? எஸ்டேட்டில் என்னுடன் வேலை செய்தவரை வேறு கம்பெனிக்கு மாற்றியபோது நானும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மறு நாள் மிஷின் ஓடத்தான் செய்தது."

டீ மாஸ்டர் ஆறிப் போன டீயைக் கொட்டிவிட்டு, புது டீ போட்டுக் கொடுத்தார்.

"இந்தச் சட்டையை என்ன தாத்தா செய்வது? முதுகில் ஜடேஜா நம்பர் இருக்கிறதே!"

பெரியவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டார்.

"போட்டுக்கொள் தம்பி! உன் சட்டைக்கு உச்சவரம்பு கிடையாது."